ஆர்டிஸ் வண்டியில் காற்று புகுந்த இடம்

மாவட்ட முதியோர் நல அலுவலகத்தின் படிவத்தில் ஆர்டிஸ் டாலெஃப்சனைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: “பெண். வயது எழுபத்திரண்டு. கணவரை இழந்தவர். தொழில்: எதுவுமில்லை. நிலையான முகவரி: இல்லை. ஓடாத மோட்டார் வீடு ஒன்றில் தனியாக வசிக்கிறார். அதைப் பழுதுபார்க்கவோ பராமரிக்கவோ இயலாதவர். முழுக்க அண்டை அயலாரின் உதவியை நம்பி இருக்கிறார்.”

இதை எழுதிய இளம்பெண்ணைக் குறை சொல்ல முடியாது. மார்ச் மாதக் கடைசியில் அவள் அரசாங்கக் காரில் அரிசோனாப் பாலைவனத்துக்குள் வந்து இறங்கியபோது, ஆர்டிஸின் உடம்பில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதிதான் அவளுக்குக் காணக் கிடைத்தது. மீதி வண்டிக்கு அடியில் இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸ்களைப் பார்த்து, “மேடம், நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். அடியிலிருந்து, “அந்த டார்ச்சைக் காலால இந்தப் பக்கம் தள்ளி விடும்மா” என்று பதில் வந்தது. தள்ளிவிட்டாள். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. மற்ற விவரங்களைப் பக்கத்து வண்டிக்காரர் லோவெல் கிரெப்ஸிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

முகவரி இல்லை என்பதும் ஒரு கோணத்தில் மட்டுமே உண்மை. ஓட்டுநர் உரிமத்தின்படி ஆர்டிஸ் தெற்கு டகோட்டா மாநிலத்தின் நிரந்தர வாசி. அந்த நிரந்தரத்தைப் பெறுவதற்காக அவளும் கணவர் வெர்லினும் அங்கே ஒரே ஒரு ராத்திரி தங்கினார்கள், அதுவும் மழையில். வீட்டை விற்றுவிட்டுச் சக்கரத்தின் மேல் குடியேறியவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. ஒரு ராத்திரி தங்கிய இடத்தில் நிரந்தரமாகவும், பதினான்கு குளிர்காலம் தங்கிய இடத்தில் முகவரி இல்லாமலும் இருப்பதில் அரசாங்கத்துக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆர்டிஸுக்கும் இருந்ததில்லை.

தொழில் எதுவுமில்லை என்பதுதான் அவளைச் சீண்டியிருக்கும், படித்திருந்தால். வடக்கு டகோட்டாவில் ஒரு கூட்டுறவுத் தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் பழுது மேஜையில் உட்கார்ந்தவள் அவள். பனிப்புயலில் எங்கோ ஒரு பண்ணை வீட்டின் போன் செத்துப்போகும். கம்பி நாற்பது மைல் நீளம். ஆளைக் கம்பியோடு நடக்கவிட்டால் பனியில் விறைத்துச் செத்துப்போவான். ஆகவே மேஜையில் இருப்பவள்தான் கண்டுபிடிக்க வேண்டும்: பழுது இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா? பிறகு அந்தப் பாதியில் எந்தப் பாதியில்? இப்படிப் பாதி பாதியாக நறுக்கி, கடைசியில் ஒரு கம்பத்தின் நம்பரைச் சொல்வாள். ஆள் நேராக அந்தக் கம்பத்துக்குப் போய் ஏறுவான். கல்யாணத்தில்கூட அவள் ஏறக்குறைய இந்த முறையைத்தான் கையாண்டாள் என்று வெர்லின் சொல்வதுண்டு.

மோட்டார் வீட்டில் வாழும் தம்பதிகளுக்குள் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. சுவருக்கு உள்ளே இருப்பது மனைவிக்கு, வெளியே இருப்பது கணவனுக்கு. அடுப்பு, திரைச்சீலை, குளியலறை அவள் பக்கம். இஞ்சின், டயர், கழிவுத் தொட்டி அவன் பக்கம். டாலெஃப்சன் வண்டியில் இந்தச் சட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இடைஞ்சல். முப்பத்தாறு அடி நீள டீசல் வண்டி. இஞ்சின் பின்னால், படுக்கைக்கு அடியில். மெத்தையைத் தூக்கினால் இஞ்சின். அது உள்ளேயா வெளியேயா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாததால் இருவருமே பார்த்தார்கள். வெர்லின் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் ஆர்டிஸ் சிவப்பு நகப்பூச்சு எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்பாள். பிறகு எப்போது பார்த்தாலும் கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை, முறிந்திருந்தால் அசைந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் இப்படி நானூறுக்கு மேல் கோடு. தன் விரல் நகத்துக்கு அவள் அந்தப் பூச்சைப் போட்டதே இல்லை.

வெர்லின் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோடையில் இறந்தார், ஒரு மளிகைக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது. அடுத்த அக்டோபரில் ஆர்டிஸ் தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு பாலைவனத்துக்கு வந்து நின்றாள். எங்களைப் போலக் குளிர்காலத்துக்கு அங்கே வண்டியை நிறுத்தி, வட்டமாக நாற்காலி போட்டு மாலை நாலு மணிக்குக் குடிக்க உட்காரும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. லோவெல் கிரெப்ஸ்தான் முதலில் வந்து கட்டிப் பிடித்தான்.

லோவெல் நெப்ராஸ்காக்காரன். டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வெர்லினோடு பன்னிரண்டு குளிர்காலம் பக்கத்துப் பக்கத்தில் நின்றவன். “இனிமே வெளி வேலையெல்லாம் என் பொறுப்பு, நீ கவலப்படாத” என்றான். ஆர்டிஸ் வண்டியின் இன்னொரு சாவியை அவனிடம் கொடுத்தாள். அவனுக்குக் கூலி கிடையாது, எங்களுக்குள் அப்படிக் கேட்பதும் கிடையாது. வேலை செய்தவனுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். லோவெலுக்கு உருளைக்கிழங்கையும் மாட்டிறைச்சியையும் அடுக்கி ஓவனில் வைத்து எடுக்கும் ஹாட்டிஷ் என்றால் உயிர். அவன் மனைவி ஐவா அதைச் சமைக்க மாட்டாள். அவனுடைய ரத்தக் கொழுப்பை முன்னிட்டு.

இப்படி ஒரு குளிர்காலம் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில்தான் கெட்டது.

பிப்ரவரி பாதியில் ஒரு காலை ஆர்டிஸ் செல்ஃப் அடித்தபோது இஞ்சின் உடனே பிடிக்கவில்லை. நெடுநேரம் சுற்றி, இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்தது. மறுநாள் இன்னும் மோசம். மூன்றாம் நாள் பிடித்தது, நின்றது. தண்ணீர் நிரப்பவும் கழிவைக் கொட்டவும் வாரம் ஒரு முறை ஊர்ப்பக்கம் போய் வரவேண்டும். வழியில் நின்றுவிட்டால் இருபத்தைந்தாயிரம் ராத்தல் எடையைத் தள்ள ஆள் கிடையாது.

“டீசல் லைன்ல ஏர் எடுக்கிற மாதிரி இருக்கு லோவெல்” என்றாள் ஆர்டிஸ், முதல் நாளே.

“ஏர் எடுத்தா எங்கயாச்சும் டீசல் சொட்டியிருக்கணுமே. அடில பாரு, காஞ்சு கெடக்கு. உனக்கு அப்படித் தோணுது.” அவன் காதைச் சாய்த்துக் கேட்டான். “டாங்குல பாசி புடிச்சிருக்கு. டீசல் பம்ப்பும் போயிருச்சுன்னு நெனக்கிறேன். சத்தமே சொல்லுதே.”

“எனக்கு அந்தச் சத்தம் கேக்கலியே.”

“வயசாச்சுல்ல” என்றான் லோவெல், அன்பாக.

அந்த அன்புதான் வேலை செய்தது. ஆறு வாரம் அவன் தினமும் வந்தான். ஃபில்டரை மாற்றினான். மறுபடி மாற்றினான். தலையை ஆட்டினான். ஹாட்டிஷ் சாப்பிட்டான். ஆர்டிஸ் தன் காதின் மேல் சந்தேகப்பட ஆரம்பித்தாள். ஒரு வேளை தானே ஏதாவது செய்து தொலைத்திருப்போமோ? மோசமான டீசலைப் பிடித்துவிட்டோமோ? வெர்லின் சொன்ன எதையோ மறந்துவிட்டோமோ? போன இலையுதிர் காலத்தில் வயோமிங்கில் ஒரு பெட்ரோல் பங்க் தூணில் வண்டியின் வலப்பக்கத்தை உரசியிருந்தாள், ஆறடி நீளத்துக்கு. அதைச் சின்ன விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கீறல் தினமும் கொஞ்சம் நீண்டுகொண்டே போவது போலிருந்தது.

மாலை வட்டத்தில் ஒருவன் கேட்டான்: “ஆர்டிஸ், உன் குதிரை எந்திரிச்சுதா?”

“படுத்திருக்கு.”

“டீசல் ஊத்தினா அப்படித்தான். என் மச்சானும் பீர் ஊத்தினாத்தான் எந்திரிப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். லோவெல் சிரிக்கவில்லை. நல்லவன், வருத்தப்படுகிறான் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் பதினைந்தோடு குளிர்கால அனுமதி முடிகிறது. அதற்குள் பாலைவனத்தைக் காலி செய்ய வேண்டும். தானாகப் போகாத வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். இழுத்துப் போன பின் அது வீடு இல்லை, ஒரு முற்றத்தில் நிற்கும் சரக்கு. மகள் டார்லா வாரத்துக்கு ஒரு முறை போன் செய்பவள், இப்போது தினமும் செய்தாள். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரத்தில் அவள் வீட்டின் கீழ்த்தளத்தில் அறை தயாராக இருந்தது. கம்பளம்கூடப் போட்டாயிற்று. வண்டியை ஓடாத நிலையிலேயே வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறான், பதினான்காம் தேதி வருவான் என்றாள். முதியோர் அலுவலகத்துப் பெண்ணை அனுப்பியதும் அவள்தான். “யாராவது வந்து பாத்தா எனக்கு நிம்மதியா இருக்கும்மா” என்றாள்.

அரசாங்கக் கார் வந்துபோன அன்று மாலை ஆர்டிஸ், “சரி, அவனை வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டாள். டார்லா போனில் அழுதாள். சந்தோஷம் என்று ஆர்டிஸ் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள், சாமான்களைப் பெட்டியில் போடுகிற நேரத்தில், மைக்ரோவேவில் காபியைச் சூடாக்குவதற்காக ஜெனரேட்டரைப் போட்டாள். அது சட்டென்று பிடித்து ஒரே சீராக ஓடியது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். காபி ஆறிப்போயிற்று.

ஜெனரேட்டரும் டீசலில்தான் ஓடுகிறது. அதற்குத் தனி டாங்க் கிடையாது. இஞ்சின் குடிக்கும் அதே டாங்கிலிருந்து, வேறொரு குழாயால் குடிக்கிறது. டாங்கில் பாசி என்றால் முதலில் தொண்டை அடைத்திருக்க வேண்டியது அதற்கு. ஆறு வாரமாக அது ஒரு தடவைகூட இருமவில்லை.

இந்தப் பாதியா, அந்தப் பாதியா?

பெட்டிகளை அப்படியே விட்டாள். மெத்தையைத் தூக்கினாள். டீசல் பம்ப்புக்கு முன்னால், டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப்பில் லைனைக் கழற்றி, ஒரு துண்டு ஓஸை மாட்டி, அதன் மறுமுனையைப் பத்து லிட்டர் டீசல் கேனுக்குள் விட்டாள். கை பம்ப்பை அடித்தாள். செல்ஃபைத் தொட்டாள். இஞ்சின் இரண்டு விநாடியில் பிடித்தது. அரை மணி நேரம் ஓடவிட்டாள், ஒரு சிணுங்கல் இல்லை. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பம்ப் திடமாக இருந்தது. டாங்க் நல்லது, இஞ்சின் நல்லது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள இருபத்தாறு அடிக் குழாய்.

அந்தக் குழாய் டாங்கிலிருந்து உறிஞ்சும் குழாய். அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். ஓட்டை உள்நோக்கி ஒழுகும். அடியில் சொட்டு இல்லை என்பதை அவளிடம் சாட்சியாகக் காட்டியவன் முப்பத்தைந்து வருஷம் டிராக்டர் பார்த்தவன். அவனுக்கு இது தெரியாதா? மறந்திருப்பான், வயசாச்சுல்ல என்று ஆர்டிஸ் நினைத்தாள். அந்த நிமிஷம்வரை அவள் நியாயமாகத்தான் நடந்துகொண்டாள்.

கண்ணாடிபோல உள்ளே தெரியும் ஓஸ் ஒன்று வெர்லினின் பெட்டியில் இருந்தது. அதை முதலில் நடுவில் உள்ள ஃபில்டரில் மாட்டி ஓட்டிப் பார்த்தாள். டீசல் தேன்போலக் குமிழ் இல்லாமல் போயிற்று. பிறகு இஞ்சின் பக்க முனையில் மாட்டினாள். சோடாவைப் போலக் குமிழ். ஆக, பின் பாதியில் பதினோரு அடி. அதில் ஒரே ஓர் இணைப்புதான் உண்டு. பின் ஆக்ஸிலுக்கு மேலே, குறுக்குச் சட்டத்தின் மறைவில், இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஓஸ் தொடங்கும் இடம். ஃபில்டர் மாற்றுகிறவனுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. கீழே படுத்தாலும் நேராகக் கண்ணில் படாது. ஆர்டிஸ் தன் முகப்பவுடர் டப்பாவின் கண்ணாடியைப் பிரித்துச் சட்டத்துக்கு மேலே நீட்டி, டார்ச்சை அடித்தாள்.

ஓஸைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளிப். இரண்டிலும் அவளே இழுத்த சிவப்புக் கோடு. இரண்டிலும் கோடு முறிந்து, திருகின் தலையில் உள்ள துண்டு நேர் எதிர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஒரு கிளிப் ரோட்டு அதிர்ச்சியில் தானாக லூஸாகலாம். இரண்டு கிளிப்பும் ஒரே அளவு லூஸாவதற்கு ரோட்டுக்கு அத்தனை ஒழுங்கு கிடையாது.

அதைவிட அவளைப் படுத்த வாக்கிலேயே உறைய வைத்தது வேறொன்று. வண்டியின் அடிப்பகுதி முழுவதும் பதினான்கு குளிர்காலத்துப் பாலைவனப் புழுதி, எண்ணெயோடு சேர்ந்து ரொட்டி மாவுபோல அப்பியிருந்தது. அந்த இணைப்பைச் சுற்றி மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, இரும்பு பளிச்சென்று இருந்தது. யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள். நன்றாக, மூலை விடாமல்.

துடைக்காமல் ஸ்பானரை வைக்கிற மெக்கானிக் இருக்கிறான். துடைத்துவிட்டு வைக்கிறவனும் இருக்கிறான். இந்தப் பாலைவனத்தில் இரண்டாவது வகையில் ஒருவன்தான் உண்டு. அழுக்கு திருகுக்குள் போகக் கூடாது என்று மாலை வட்டத்தில் பிரசங்கம் செய்கிறவன், தன் பின் பாக்கெட்டில் சிவப்புத் துணி இல்லாமல் கழிவறைக்கும் போகாதவன். கெடுக்கப் போன இடத்திலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது. அதோடு அளந்தும் கெடுத்திருந்தான்: ஒரு சொட்டு வெளியே வராத அளவு, இஞ்சின் ராத்திரியில் டீசல் இல்லாமல் காய்ந்துபோகிற அளவு. அது நல்ல வேலை. ஆர்டிஸ் அதை ஒத்துக்கொண்டாள். பிறகு வெளியே ஊர்ந்து வந்து, டயரில் சாய்ந்து உட்கார்ந்து, வெகு நேரம் தன் காதைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் குற்றம் சுமந்தது அந்தக் காதுதான்.

எங்கள் பாலைவனத்தில் வேலி கிடையாது. ஆனால் ஒருவர் வண்டி முன்னால் பாய் விரித்த இடத்தை இன்னொருவர் மிதித்து நடப்பதில்லை. சுற்றி வந்து, ஓரத்தில் நின்று, “தட் தட்” என்று வாயால் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஆர்டிஸ் கிரெப்ஸின் பாய் மேலேயே பூட்ஸோடு நடந்து போனாள்.

“வா ஆர்டிஸ்” என்றான் லோவெல், நாற்காலியிலிருந்து. அவள் காலைப் பார்த்தான். “காபி ஊத்தட்டுமா?”

“ஒரு சந்தேகம். ஸ்பானர் போடறதுக்கு முன்னாடி நீ ஏன் எப்பவும் தொடைக்கிற?”

லோவெலுக்குப் பிடித்த பாடம். “என்ன கேள்வி இது? அழுக்கு மேல ஸ்பானர் வெக்கிறவன் பாவி. திருகு தேஞ்சிடும், மண்ணு உள்ள போயிடும். வெர்லினுக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க கை வெச்சாலும் மொதல்ல…” அங்கே நிறுத்தினான்.

“பின் ஆக்ஸிலுக்கு மேல ரொம்ப நல்லா தொடச்சிருக்க” என்றாள் ஆர்டிஸ்.

லோவெல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். வண்டியின் கதவு திறந்து ஐவா வந்து படியில் நின்றாள்.

“சொல்லித் தொலை லோவெல்” என்றாள் அவள். “நான் அன்னிக்கே சொன்னேன், இது நமக்கு வேணாம்னு.”

ஆர்டிஸ் திரும்பினாள். “உனக்கும் தெரியுமா ஐவா?”

“எனக்கு பிப்ரவரி கடைசிலதான் தெரியும்.”

“இது ஏப்ரல்.”

ஐவா தன் செருப்பைப் பார்த்தாள்.

“டார்லா போன் பண்ணினா ஆர்டிஸ்” என்றான் லோவெல். “அழுதா. ‘அந்தத் தூணுக்குப் பதிலா ஒரு கொழந்த நின்னிருந்தா? அம்மா சொன்னா கேக்க மாட்டா, வண்டி ஓடலன்னாத்தான் ஒக்காருவா’ன்னு. நான் என்ன பண்ணுவேன்? ஒண்ணும் ஒடைக்கல. ஒன்றரைச் சுத்து. எப்ப வேணும்னாலும் முறுக்கிடலாம். உனக்கு ஒரு ஆபத்தும் வராம பாத்துத்தான் செஞ்சேன்.”

“நான் மொத நாளே ஏருன்னு சொன்னேன்.”

“சொன்ன.”

“எனக்கு அப்படித் தோணுதுன்ன.”

“ஆமா.”

“ஆறு வாரம் என் கையால சாப்பிட்டியே லோவெல். நீ லூஸ் பண்ணிட்டு, நீயே வந்து தலைய ஆட்டிக்கிட்டு.”

“சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு” என்றான் லோவெல். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. தொட்டிலை மனதாரத்தான் ஆட்டுகிறார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் கண்ணில் உண்மையாகவே கண்ணீர் இருந்தது. அது ஆர்டிஸுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

“சாவி” என்று கையை நீட்டினாள்.

அவன் கொடுத்தான். அவள் வந்த வழியே, பாயை மிதித்துக்கொண்டு திரும்பினாள்.

டார்லாவிடம் பேசியது நான்கு நிமிஷம்.

“நீதான் சொன்னியா?”

“லோவெல் உளறிட்டாரா?”

“அவன் சொல்லல. நானே கண்டுபுடிச்சேன்.”

“அம்மா, நான் உன் நல்லதுக்குத்தான்…”

“எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல? வண்டிய நிறுத்தும்மான்னு.”

“கேட்டா ஒத்துக்கிட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

“அதுக்காக எனக்குக் காது போச்சு, புத்தி போச்சுன்னு என்னையே நம்ப வெச்சுட்டியேடி. வண்டி போயிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். கீழ ரூமுக்கு வந்து கம்பளத்துல ஒக்காந்து, சாகற வரைக்கும் நான்தான் வண்டியக் கெடுத்தேன்னு நெனச்சிட்டிருந்திருப்பேன். அது பரவால்லியா உனக்கு?”

“நான் அவ்ளோ தூரம் யோசிக்கலம்மா.”

“வாங்க வர்றவனை வர வேணாம்னு சொல்லிடு.”

“அம்மா, அந்தத் தூண்?”

“தூண்ல மோதினது நான்தான்” என்றாள் ஆர்டிஸ். “அது நெஜம். அதுக்குப் பதில் இது இல்ல.” வைத்துவிட்டாள்.

அன்று பூராவும் அவள் ஒன்றும் செய்யவில்லை. சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தாள். மாலை வட்டத்தில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. கிரெப்ஸ்களின் இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. என்ன விஷயம் என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அந்தக் கிளிப்புகளை முறுக்கினால் போதும். ஸ்பானர்கூடத் தேவையில்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். அவன் தொட்டதை அப்படியே விட அவளுக்கு மனமில்லை. மறுநாள் தெரிந்தவர் காரில் ஊருக்குப் போய்ப் புது ஓஸும் புதுக் கிளிப்பும் வாங்கி வந்தாள். பழைய துண்டை அறுத்தெடுத்தாள். புதியதை மாட்டி முறுக்கினாள். கை பம்ப்பை எழுபது தடவை அடித்து, குழாயில் இருந்த காற்றை வெளியே விட்டாள். செல்ஃபைத் தொட்டதும் பிடித்தது. இஞ்சினை நிறுத்தாமல் ராத்திரிச் சமையல் வரைக்கும் ஓடவிட்டாள். மறுநாள் காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டி, தொட்டவுடன் பிடித்தது. அதற்கடுத்த நாளும் பிடித்தது. அதன் பிறகுதான் அவள் நம்பினாள். வண்டியை அல்ல, காதை.

பதிமூன்றாம் தேதி காலை கிளம்பினாள். இத்தனை நீள வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்புறம் நின்று கைகாட்ட வேண்டும். ஓட்டுகிறவர் கண்ணாடியில் அந்தக் கையை மட்டும் பார்த்து வர வேண்டும். தனியாக இருப்பவருக்குப் பக்கத்து வண்டிக்காரர் காட்டுவார். சொல்லாமலே லோவெல் வந்து நின்றான், தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தி. ஆர்டிஸ் அவன் இருந்த பக்கத்துக் கண்ணாடியை மடக்கி வைத்தாள். இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கைப் போட்டு, கீழே இறங்கிப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தாள். ஏறி மூன்றடி எடுத்தாள். மறுபடி இறங்கினாள். லோவெல் கையைத் தாழ்த்தவில்லை. அவனைக் கடந்துதான் ஒவ்வொரு தடவையும் அவள் நடந்தாள்.

“ஆர்டிஸ், எடம் இருக்கு, வா” என்றான் நான்காவது தடவை.

அவள் குனிந்து, தானே பார்த்தாள்.

ஏழு தடவை இறங்கி ஏறினாள். வண்டி எதிலும் உரசாமல் மண் பாதைக்கு வந்தது. கண்ணாடியை விரித்துக்கொண்டாள்.

ஏப்ரல் பதிமூன்று முதல் இருபதுவரை ஆர்டிஸ் டாலெஃப்சன் ஆயிரத்து எண்ணூறு மைல் தனியாக ஓட்டினாள். மூன்று இடத்தில் டீசல் பிடித்தாள். தூண் உள்ள பங்க்குகளில் முதலில் இறங்கி நடந்து அளந்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட்டாள். இருபதாம் தேதி மாலை, பனி இன்னும் உருகாத ஃபார்கோ நகரத்தில், மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். உள்ளே போய் டார்லா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டாள். கீழ்த்தள அறையைப் பார்க்கவில்லை. தன் வண்டியில் படுத்துத் தூங்கினாள். காலையில் டார்லா அங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, இஞ்சினைப் போட்டு, மேற்கே கிளம்பிப் போனாள்.